லண்டன் நேரத்தில் வேலை, இரணைமடுவில் தூண்டில்

தம்பி, கிளிநொச்சியில இருந்து லண்டன் கொம்பனிக்கு வேலை செய்யிறதால பின்னேரம் இரணைமடுக் குளத்துக்கு மீன் பிடிக்கப் போகேலாமல் கிடக்கு, லப்டொப்பைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோகலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். வேண்டாம். நடுவில அழைப்பு வந்தால் ரெண்டுமே கெடும்.

பின்னேரத்தை விட்டிட்டு விடியலைப் பிடியுங்கோ. அங்கை காலை 9 மணி எண்டால், கோடையில எங்களுக்குப் பகல் 1.30. விடிய ஆறு மணிக்குப் போனால் எட்டரை மட்டும் ஆறுதலா நிக்கலாம். வெயில் ஏறமுதல் மீனும் நல்லாக் கடிக்கும். மண்புழுவுக்கே திலாப்பியா வரும். வந்து குளிச்சு, சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் கட்டாயம் படுங்கோ. இரவு மட்டும் முழிச்சிருந்து வேலை செய்யவேணுமெல்லோ.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பினம். பிறகு மார்ச் கடைசி மட்டும் உங்களுக்கு வேலை 2.30க்குத்தான் துவங்கும், முடியவும் பிந்தும். அந்த மாதங்களில கிழமைக்கு ரெண்டு விடியல் காணும். மாரியும் அப்பதான். இடி மின்னல் எண்டால் குளக்கட்டில நிக்காதேங்கோ. குளத்துத் தண்ணியை வெளியேத்திற வான்கதவு திறந்திருந்தால் கீழ்ப்பக்கம் போகவே வேண்டாம். வன்னிக் குளங்களில முதலை இருக்கு, தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு தூண்டில் எறியாதேங்கோ.