500 கிலோ எஞ்சினைத் தாங்கும் ஸ்டாண்டை நாமே செய்ய முடியுமா?

கேள்வி: ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை முழுவதும் பிரித்துச் சீரமைக்க இருக்கிறேன். அதன் எடை சுமார் 500 கிலோ. எனக்கு வெல்டிங் வேலை நன்றாகத் தெரியும். 75×75 மி.மீ. அளவில், 3 மி.மீ. கனமுள்ள சதுர இரும்புக் குழாய் கையில் இருக்கிறது. அதைக் கொண்டே உறுதியான எஞ்சின் ஸ்டாண்ட் செய்துகொள்ளலாமா?

பதில்: கால்களுக்கு அந்தக் குழாய் போதும், தூணுக்குப் போதாது.

கியர்பாக்ஸ் பொருந்தும் பின்முகத்தில் மட்டும் போல்ட் போட்டு, எஞ்சினின் மற்ற பகுதி முழுவதையும் அந்தரத்தில் நிறுத்துவதுதான் இவ்வகை ஸ்டாண்டின் அமைப்பு. எனவே எடையை மட்டும் பார்த்துக் குழாயைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எஞ்சினின் ஈர்ப்பு மையம் தூணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உங்கள் எஞ்சினின் ஈர்ப்பு மையம் பின்முகத்திலிருந்து 450 மி.மீ. தொலைவிலும், பின்முகம் தூணின் மையத்திலிருந்து 150 மி.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 600 மி.மீ. ஆகிறது, அப்போது தூணை வளைக்கும் திருப்புத்திறன் (விசை × தொலைவு) ஏறத்தாழ 2,940 நியூட்டன் மீட்டர். இந்தச் சுமையில் 3 மி.மீ. குழாயின் சுவரில் சதுர மி.மீட்டருக்குச் சுமார் 148 நியூட்டன் தகைவு (உலோகத்துக்குள் எழும் உள்விசை) உண்டாகும். சாதாரண மென் எஃகு 250-ஐ ஒட்டி நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதால், இறுகிய போல்ட்டை நீண்ட கம்பி போட்டுத் திருகும்போது ஏற்படும் உலுக்கலையும் தாங்க இந்த இடைவெளி போதாது. அதே 75×75 அளவில் 6 மி.மீ. கனக் குழாயை எடுத்தால் தகைவு 83 ஆகக் குறைந்து, மூன்று மடங்கு பாதுகாப்பு கிடைக்கிறது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்தத் திருப்புத்திறன் தூணின் உச்சியில் எவ்வளவோ, அடியிலும் அவ்வளவுதான். கீழே போகப் போகக் குறைவதில்லை. ஆகவே தூணும் அடிச்சட்டமும் சேரும் வெல்டிங்தான் ஸ்டாண்டின் உயிர்நிலை. அந்த இடத்தில் நான்கு பக்கமும் முழு வெல்டிங் செய்வதோடு, 10 மி.மீ. தகட்டில் வெட்டிய முக்கோணத் தாங்கிகளையும் வைத்து இணையுங்கள். தூண் நிற்கும் குறுக்குச் சட்டமும் 6 மி.மீ. குழாயாகவே இருக்கட்டும். அதிலிருந்து முன்னோக்கி நீளும் கால்கள் இரண்டும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் உங்களிடம் உள்ள குழாயை அங்கே பயன்படுத்தலாம். கால்கள் ஈர்ப்பு மையத்தையும் தாண்டி, தூணிலிருந்து 900 மி.மீ. வரையாவது நீள வேண்டும். முன்புறம் ஒற்றைச் சக்கரம் வைத்த மூன்று சக்கர அமைப்பு இந்த எடைக்கு ஆகாது. எஞ்சினைச் சுழற்றும்போது எடை பக்கவாட்டில் நகரும், ஸ்டாண்ட் சாய்ந்துவிடும்.

அடுத்து, சுழலும் தலைப்பகுதி. உள்ளே சுழலும் குழாய்க்கு 89 மி.மீ. வெளிவிட்டமும் 8 மி.மீ. கனமும், அதைத் தாங்கும் வெளியுறைக்குச் சுமார் 250 மி.மீ. நீளமும் வைத்துக்கொள்ளுங்கள். உறையின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் இரு வாய்களிலும் விழும் விசை இரட்டிப்பாகும், சுழற்றுவதும் கடினமாகும். உறையைத் தூணில் வெல்டிங் செய்யும்போது வெப்பத்தால் அது கோணிக்கொள்ளும் என்பதால், உள்குழாயைச் செருகி வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் சிறிது சிறிதாக வெல்டிங் செய்யுங்கள். துத்தநாகம் பூசிய குழாயைத் தவிர்க்கவும். வெல்டிங்கின்போது எழும் அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பற்றித்தான் பெரும்பாலோர் அஞ்சுகிறார்கள். உண்மையில் 8.8 தரத்து (போல்ட்டின் தலையில் குறிக்கும் வலிமை எண்) 10 மி.மீ. போல்ட் ஒன்று 30 கிலோ நியூட்டனுக்கும் மேலான இழுவையைத் தாங்கும். இங்கே மேல் போல்ட் ஒவ்வொன்றிலும் விழுவது ஏறத்தாழ 4 கிலோ நியூட்டன்தான். ஆனால் தலைப்பகுதியின் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே போல்ட்டில் நீளமான இடைக்குழாய்களைக் கோத்து எஞ்சினைத் தள்ளி வைத்தால் அதே போல்ட்டுகள் வளையத் தொடங்கும். ஆகவே இடைக்குழாய்களைக் குட்டையாக வையுங்கள். எஞ்சின் உடலுக்குள் போல்ட்டின் மரை அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இறங்கியிருக்கட்டும்.

எஞ்சினைப் போல்ட் போட்டுப் பிடிக்கும் தலைத்தகட்டின் துளைகளைக் கிராங்க் அச்சை வைத்துக் குறிக்காதீர்கள். எஞ்சினின் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். சுழல் அச்சு அந்த மையத்திலிருந்து 50 மி.மீ. விலகினாலே, எஞ்சினைத் திருப்ப 245 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். அரை மீட்டர் கைப்பிடியில் அது 50 கிலோ அழுத்தத்துக்குச் சமம். வார்ம் கியர்பாக்ஸ் (திருகு வடிவப் பல்லால் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பெட்டி) பொருத்தினால் திருப்புவது எளிதாகும். இருப்பினும் தனியாக ஒரு 16 மி.மீ. பூட்டு ஊசியும் இருந்தாக வேண்டும்.

முன் சக்கரங்கள் எஞ்சின் எடையில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும். தரை சமமில்லாவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் ஒரே சக்கரத்தில் இறங்கலாம் என்பதால், ஒவ்வொன்றும் 400 கிலோ தாங்கும் 150 மி.மீ. சக்கரங்களையே வாங்குங்கள்.

இவ்வகை ஸ்டாண்டில் எஞ்சின் இருக்கும்வரை ஃபிளைவீலையோ கிராங்கின் பின் ஆயில் சீலையோ பொருத்த முடியாது. அவற்றுக்கு எஞ்சினைக் கிரேனில் தொங்கவிட வேண்டியிருக்கும். அது தொல்லை என்று தோன்றினால் பக்கவாட்டில் பிடிக்கும் அமைப்பே மேல்.

எஞ்சினை ஏற்றுவதற்கு முன் 625 கிலோ பழைய இரும்பை, ஈர்ப்பு மையம் வரும் அதே தொலைவில் தொங்கவிட்டு, கிரேன் சங்கிலியைக் கழற்றாமல் சற்றே தளர்த்தி, ஓர் இரவு விட்டுவையுங்கள். தூணின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு கட்டி, அது தரையைத் தொடும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சுமை ஏறியதும் சிறிது நகர்வது இயல்பு. சுமையை இறக்கிய பிறகும் குண்டு பழைய குறிக்குத் திரும்பாவிட்டால், எங்கோ ஒரு குழாயோ இணைப்போ நிரந்தரமாக வளைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து மாற்றும்வரை எஞ்சினை அதில் ஏற்றக் கூடாது.