ஃபாஸ்டர் எடுத்த குட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அது ஏங்கிப் போகுமா?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாடகை ஃபிளாட், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, பகலில் மாமியார் வீட்டில் இருப்பார், மகன் எட்டாவது படிக்கிறான். நாய் ஆசை உண்டு, ஆனால் பன்னிரண்டு வருஷப் பொறுப்பு என்றால் பயம். தெருவில் மீட்ட குட்டியை இரண்டு மாதம் வைத்திருக்க முடியுமா என்று வாட்ஸ்ஆப்பில் ஒருவர் கேட்டாராம். "பழக்கிவிட்டுக் கொடுத்தால் அது ஏங்காதா? நமக்கு இதில் என்ன கிடைக்கும்? 4,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய் கூட.

ஃபாஸ்டர் என்றால் நிரந்தர வீடு அமையும்வரை குட்டியைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது. இடமும் நேரமும் உங்களுடையது, தடுப்பூசியும் மருத்துவச் செலவும் மீட்டவருடையது. சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றால் அது உங்கள் நல்ல மனசு. முன்பணம், டிரான்ஸ்போர்ட் சார்ஜ் என்று ஆரம்பிப்பவர் பெரும்பாலும் நாய் புரோக்கர்தான். விலை போகாத குட்டி, குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்துபோன பெண் லாப்ரடார், எல்லாவற்றுக்கும் இப்போது 'மீட்பு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நாய் வளர்த்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இலேயே விதி வந்துவிட்டது, ஆனால் கண் கூடத் திறக்காத குட்டிக்கு அட்வான்ஸ் வாங்குகிற ஆளை யார் போய்க் கேட்டார்கள், சொல்லுங்கள். தடுப்பூசி கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். பேனாவில் 'வேக்சின் ஓவர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் அட்டை.

சரி, ஏக்கம். சில நாள் தேடும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், அப்புறம் புது வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கக் காப்பகங்களில் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஓரிரு இரவு மட்டும் வீட்டில் தங்கிய நாய்களுக்கு மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்தது. திரும்பக் காப்பகம் போனதும் பழைய அளவுக்கு வந்தது, அதைத் தாண்டி ஏறவில்லை. உங்கள் குட்டி காப்பகத்துக்குக் கூடப் போகப்போவதில்லை, இன்னொரு வீட்டுக்குப் போகிறது. அனுப்பும்போது அது படுத்த போர்வையைத் துவைக்காமல் கூடவே கொடுங்கள், முதல் வாரம் அதே சாப்பாட்டை அதே நேரத்தில் போடச் சொல்லுங்கள்.

கிடைப்பது என்ன என்று கேட்டீர்கள். குட்டிக்குக் கிடைப்பதைச் சொன்னால் உங்களுக்குக் கிடைப்பதும் புரிந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் நாய் ஆயுசுக்கும் 'இது ஒன்றும் செய்யாது' என்று எடுத்துக்கொள்ளும். குக்கர் விசில், மிக்ஸி, கைத்தடியோடு நடக்கும் பாட்டி, ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், இதெல்லாம் காப்பகத்தின் சிமென்ட் தரையில் எங்கே கிடைக்கும்? வந்த அன்று கட்டிலுக்கடியில் ஒடுங்கிய குட்டி ஒருநாள் ஹால் நடுவே வயிற்றைக் காட்டி மல்லாந்து தூங்கும்போது உங்கள் மகன் முகத்தைப் பாருங்கள். விடிகாலையில் மூத்திரம் துடைக்க யார் எழுந்திருப்பார்கள் என்பதும் தெரிந்துவிடும், அதாவது உங்கள் வீட்டுக்கு நாய் சரிப்படுமா என்ற கேள்விக்கு இரண்டே மாதத்தில் விடை. குட்டியைத் தத்தெடுக்க வருபவருக்கும் இது பூனையைத் துரத்தும், குழந்தைகளிடம் பொறுமையாக இருக்கும் என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

வேண்டாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு வீட்டுக்கு: கடந்த ஒரு வருஷத்துக்குள் ரத்தப்பேதியாகி ஒரு குட்டி செத்த வீடு. அது பார்வோ வைரஸாக இருந்திருக்கலாம், தரையிலும் சோஃபாவிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபினாயில் அதை ஒன்றும் செய்யாது. டெட்டாலும் செய்யாது. தரையைக் கழுவிவிட்டு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டால் தரை சரியாகும், சோஃபாவை என்ன செய்வீர்கள்? வாடகை வீடு என்பதால் சொல்கிறேன், உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் குட்டி வைத்திருந்தார்களா, அது என்ன ஆனது என்று வாட்ச்மேனிடம் விசாரியுங்கள். அப்படி நடந்திருந்தால் தடுப்பூசி முழுதும் போட்ட பெரிய நாயை எடுங்கள், அதில் தடையில்லை.

அசோசியேஷன் ஆட்சேபித்தால் கவலைப்படாதீர்கள், செல்லப்பிராணிக்குத் தடை போட அவர்களுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இலேயே சொல்லிவிட்டது. வீட்டு ஓனரிடம் மட்டும் கேட்டு, பதிலை வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வாங்கிவையுங்கள்.

குட்டி விளையாட்டாகக் கடித்து ரத்தம் வந்தால் கூட சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், ஊசி இலவசம். குட்டிதானே என்று மாமியார் மஞ்சள் வைக்க விடாதீர்கள்.

வாட்ஸ்ஆப்பில் கேட்ட அந்த நபரிடம் எந்தத் தெருவில், என்றைக்கு மீட்டார், எந்த மருத்துவர் பார்த்தார் என்று கேளுங்கள். இரண்டு மாதத்தில் வீடு அமையாவிட்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். வீடியோ காலில் குட்டியைக் காட்ட மறுத்தால் எண்ணை பிளாக் செய்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தெருநாய்க் கருத்தடைப் பணி ஒழுங்காக நடக்காத ஊரில் ஃபாஸ்டர் வீடு தேடும் குட்டிக்குப் பஞ்சமே இல்லை, உண்மையானது ஒன்றை அவரே காட்டிவிடுவார்.