லயத்துக்குத் துணைக்கால் போட்டால் லாயம்: வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

(மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று மட்டக்குதிரைகளோடு குடித்தனம் நடத்தும் அக்கா, இந்த மாதம் குதிரை பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். எங்களிடம் இருக்கும் இரண்டு மட்டக்குதிரைகளைப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மச்சான் நிலத்துக்குக் கொண்டுபோகிறோம். லோரியில் ஏற்றி இறக்கினால் போதும்தானே அக்கா?
— வாசகர், பந்திங்

பதில்: போதும் என்றுதான் நாங்களும் நினைத்தோம் தம்பி. கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். கடைசி வீடு எங்களுடையது, அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் லாயம். லயத்துக்கு ஒரு துணைக்கால் போட்டால் லாயம் என்று அப்பா சிரிப்பார். தோட்டம் கைமாறியதும் லயம், லாயம் இரண்டுமே போயின. என் நாத்தனாருடைய டுரியான் தோப்பில் ஒரு மூலை கிடைத்தது, பதினோரு கிலோமீட்டர் தூரம். அப்போது எங்களிடம் இருந்தவை, இப்போதும் இருப்பவை மூன்று: அம்மாயி என்ற கிழட்டுப் பெட்டை, புட்டு என்ற வெள்ளை, முருங்கை என்ற காயடித்த இளவட்டம். முருங்கைக்கு உடம்பெல்லாம் கால்தான்.

லோரி ஏற்றும் பழக்கத்தை மட்டும் சரியாகச் செய்தோம். இரண்டு மாதம் முன்பே தெரிந்தவரின் லோரியை வாரக் கடைசிகளில் வாங்கி, கொட்டகைப் பக்கம் நிறுத்தி, ஏறு பலகையை இறக்கிவிட்டு, தீவன வாளியை அதன் அடியில் வைத்தோம். அடுத்த வாரம் வாளி பலகையின் மேல். அதற்கடுத்த வாரம் உள்ளே. பலகையில் கால் வைத்ததும் 'டொம்' என்று சத்தம் வந்தால் குதிரை பின்வாங்கும், கீழே பள்ளம் என்று நினைக்கும். பழைய ரப்பர் பாய் இரண்டை விரித்ததும் புட்டு மாமியார் வீட்டுக்குள் போகிற மாப்பிள்ளை மாதிரி ஏறிப் போனது.

தப்பு நடந்தது மாற்றுகிற அன்று. லோரியில் இரண்டுதான் நிற்கும். அம்மாயியையும் புட்டுவையும் முதலில் கொண்டுபோவோம், திரும்பி வந்து முருங்கையை ஏற்றுவோம் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். இன்னொரு லோரிக்கு இருநூறு வெள்ளி மிச்சம். லோரி கண்ணுக்கு மறைந்ததும் முருங்கை கத்த ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் வேலிக்கட்டை இரண்டை முறித்துக்கொண்டு ஓடிவிட்டது. செம்பனைக்குள் தேடினோம், ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக் களத்தில் தேடினோம். கடைசியில் முனீஸ்வரர் கோயிலில் இருந்தது. அங்கே வாசலில் சிமெண்டில் ஒரு வெள்ளைக் குதிரை உண்டு. அதன் கழுத்தோடு கழுத்து ஒட்டி, வியர்த்து நடுங்கிக்கொண்டு நின்றது. யாரோ சூடம் ஏற்றிவிட்டார்கள். முனியாண்டி கூப்பிட்டார் என்று இன்றைக்கும் அங்கே பேச்சு. அது தேடிப் போனது பிடரி உள்ள இன்னொரு ஜீவனை என்பது எனக்குத் தெரியும். சொல்லி ஏன் பக்தர்கள் மனசை நோகடிக்க?

அதனால் உங்கள் இரண்டையும் ஒரே லோரியில், ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். வெயிலுக்கு முன்னே, காலையில். இரவில் இறக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் கயிற்றைப் பிடித்துப் புது வேலியை ஒரு சுற்று நடத்திக் காட்டிவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். முள்கம்பி வேலியானால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. தோட்டத்தில் குழாய்த் தண்ணீர், தோப்பில் கிணறு. அம்மாயி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை சாணி போடும் பெட்டை, அன்று இரண்டு தடவை போட்டது, அதுவும் கல் மாதிரி. இரவு பதினொன்றுக்கு விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்னங்காலால் மண்ணைக் கீறியது. வயிற்று வலி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது பின்வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அதன் வயிற்று வலி மனிதனுடைய வயிற்று வலி இல்லை, உயிர் போகிற சமாச்சாரம். மாட்டு டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காப்பாற்றினார். நீங்கள் பழைய இடத்துத் தண்ணீரை இரண்டு மூன்று பீப்பாயில் எடுத்துப் போய், புதுத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். தீவனத்தையும் அப்படித்தான், பழையதிலிருந்து புதியதற்கு மாற ஒரு வாரம், பத்து நாள் வேண்டும்.

மச்சான் நிலத்தை முன்கூட்டியே ஒரு முறை கால்நடையாகச் சுற்றிப் பாருங்கள். சாமிக்குப் பூப் பறிக்க அரளி வைக்காத தமிழ் வீடு உண்டா? அரளி குதிரைக்கு விஷம். இலை காய்ந்தாலும் விஷம்தான், கொஞ்சம் தின்றாலே இதயம் நின்றுவிடும். என் நாத்தனார் வீட்டு வாசலில் ஆளுயரச் செவ்வரளி இருந்தது. அதை வெட்டச் சொல்லி ஒரு வாரம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அடுத்து மருந்துக் கொட்டகை. பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரியோடு நாட்டில் தடை செய்தாயிற்று, ஆனாலும் பழைய போத்தல் எந்த மூலையில் கிடக்கிறதோ யார் கண்டது. பக்கத்துத் தோட்டத்தில் புல்லுக்கு எந்தக் கிழமை மருந்து அடிப்பார்கள் என்று அங்குள்ள மண்டோரிடம் (கங்காணியிடம்) கேட்டு வையுங்கள்.

டுரியான் தோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமா? அந்த முள் பழம் விழுகிற காலத்தில் எங்களுடைய மூன்றும் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை.

கேள்வி: எங்களுடைய இரண்டு ஆண் மட்டக்குதிரைகளும் பின்னங்காலில் நின்று ஒன்றையொன்று கடிக்கின்றன. பிரித்துக் கட்டட்டுமா? பிள்ளைகள் கூடவே ஓடி விளையாடுகிறார்கள், பயமாக இருக்கிறது.
— வாசகி, கூலிம்

பதில்: பிரிக்காதீர்கள் அம்மா. முதலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். விளையாட்டென்றால் முறை மாறும். இப்போது இது துரத்தும், அடுத்து அது துரத்தும். முழங்காலைக் கவ்வும், கழுத்தைக் கவ்வும், திடீரென்று இரண்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் புல் மேயும். சண்டையில் முறை மாறாது. ஒன்றே துரத்திக்கொண்டிருக்கும், காது பிடரியோடு படிந்திருக்கும், பின்பக்கத்தைத் திருப்பி உதைக்கும். ஓடுகிறதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், மூலையில் மாட்டினால்தான் காயம். எங்கள் பட்டியின் நாலு மூலையிலும் குறுக்கே கட்டை போட்டு மூலையே இல்லாமல் செய்துவிட்டோம்.

புட்டுவும் முருங்கையும் எதிரெதிராக நின்று ஒன்றின் தோள்மேட்டை இன்னொன்று பல்லால் சொறிந்துவிடும். அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் நாடித் துடிப்பே இறங்கும். பிள்ளைகள் குதிரையைப் படார் படார் என்று தட்டிக் கொஞ்சுவதை விட்டுவிட்டு அங்கே சொறிந்துவிடட்டும்.

ஓடிப் பிடிக்கிற விளையாட்டை இன்றோடு நிறுத்துங்கள். நானும் முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். முருங்கைக்கு அப்போது இரண்டு வயது, என் பேரனையும் தன் இனம் என்று நினைத்துவிட்டது. பின்னங்காலில் எழும்பி அவன் தோளில் முன்னங்காலைப் போட்டது. ஆறு தையல். குதிரை தப்பு செய்யவில்லை, புட்டுவோடு விளையாடுகிற மாதிரியே விளையாடியது. பிள்ளைக்குத்தான் புட்டுவின் தோல் இல்லை.

விளையாட ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் மூடி கழற்றிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், நன்றாகக் கழுவியது. உருட்டிக்கொண்டே திரியும். டயர் வேண்டாம், குளம்பு உள்ளே மாட்டும். பின்னிய தக்ரோ பந்து கொடுத்துப் பார்த்தோம், முருங்கை அதைப் பிரித்து மேய்ந்துவிட்டது.

கேள்வி: வணக்கம் பாட்டி. எனக்குப் பத்து வயது. என் போனி நான் இழுத்தால் நடக்காது. தாத்தா அடி என்கிறார். எனக்கு அடிக்கப் பிடிக்கவில்லை.
— மாணவி, பீடோர்

பதில்: அடிக்காதே பாப்பா. தாத்தாவிடம் நான் சொன்னேன் என்று சொல்.

என் அப்பா ஈப்போ பந்தயத் திடலில் குதிரைக்காரராக இருந்தவர். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த குதிரைகளெல்லாம் அவரிடம் தமிழில்தான் பேச்சுக் கேட்கும். 'நில்லுப்பா' என்றால் நிற்கும். அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடி. இழுக்காதே, இறுக்கமாக மட்டும் வை. போனி ஒரு கால் எடுத்து வைக்கும், அரை அடி என்றாலும் சரி. அந்த நொடியே கயிற்றைத் தளர்த்து. கால் வைத்தால் தொல்லை நிற்கிறது என்று அதற்குப் புரியும். நீ இழுப்பதில் அது கற்றுக்கொள்வதில்லை, விடுவதில்தான் கற்றுக்கொள்ளும். தாமதமாக விட்டால் வேறு எதையோ கற்றுக்கொள்ளும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், காலை எட்டு மணிக்குள். நம் ஊர் வெயிலில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், அப்புறம் உடம்புச் சூடு இறங்காது. உன் போனி ஓடிய பிறகும் உலர்ந்தே இருந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்.

கேரட்டைக் கையில் வைத்துக் கொடுக்காதே, வாளியில் போடு. கையில் கொடுத்தால் நாளைக்கு உன் விரலையும் கேரட் என்று நினைக்கும். கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பெரியவர்கள் திட்டுவதற்குச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழமொழி மேல் கோபம். வாயை மூடினால் பல் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நடக்காத போனிக்கும் அப்படித்தான். தாத்தாவை நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்கச் சொல், கல் ஏதும் சிக்கியிருக்கலாம்.

கேள்வி: மட்டக்குதிரை வளர்ந்தால் பெரிய குதிரை ஆகுமா?
— வாசகர், காப்பார்

பதில்: ஆகாது. தோள்மேடு வரை 148 சென்டிமீட்டருக்குள் நிற்கிற இனம் அது. சபாவில் கோத்தா பெலுட் பஜாவ் மக்கள் இப்படிப்பட்ட சின்னக் குதிரைகளில்தான் ஜம்மென்று வருவார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது, 48 கிலோ. எங்கள் போனியில் அவள் ஏறலாமா? எடை பார்க்க இங்கே வசதி இல்லை.
— வாசகர், தாப்பா

பதில்: தையல்காரர் நாடா இருக்கிறதா அண்ணே? முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம். நெஞ்சளவை அதே அளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். புட்டுவுக்கு நெஞ்சு 142 சென்டிமீட்டர், நீளம் 128. கணக்குப் போட்டால் 217 கிலோ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது, சேணத்தையும் சேர்த்து. அதாவது 43. உங்கள் போனியும் புட்டு அளவென்றால் மகள் இறங்க வேண்டிய வயது வந்துவிட்டது. அழுவாள். என் பேத்தியும் அழுதாள், இப்போது நீளக் கயிற்றில் முருங்கையைப் பழக்குவது அவள்தான். வயதையும் பாருங்கள், குதிரைக்கு முதுகெலும்பு கடைசியில்தான் முற்றும், ஐந்து ஆறு வயதாகும்.

கேள்வி: மாட்டுக்கு வெட்டுகிற நேப்பியர் புல்லும் தவிடும்தான் என் குதிரைக்கும் போடுகிறேன். நன்றாகத் தின்கிறது. ஆனால் முகம் இரண்டு பக்கமும் வீங்கிய மாதிரி இருக்கிறது, நடையும் தாங்கித் தாங்கி. பல் வீக்கம் என்கிறார்கள்.
— வாசகர், தெலுக் இந்தான்

பதில்: பல்லாக இருக்கலாம், ஆனால் எனக்குப் பயம் வேறு. எங்களுடைய முதல் குதிரைக்கு இதேதான் வந்தது. நான்தான் வரவழைத்தேன்.

நேப்பியர் புல்லில் ஆக்சலேட் என்று ஒன்று உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாட்டின் இரைப்பையில் உள்ள கிருமிகள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டிலோ பாஸ்பரஸ் அளவுக்கு மேல், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்தே உருவும். முக எலும்பு பஞ்சாகி வீங்கும், கால் தாங்கும். வயிறு நிறையத் தின்றுகொண்டே எலும்பு கரைகிற நோய் இது. அப்பா காலத்திலிருந்து தவிட்டுக் கஞ்சி என்றால் குதிரைக்கு விருந்து என்று நம்பி, தினமும் ஊற்றினேன்.

தவிட்டை நிறுத்துங்கள். நேப்பியரைக் குறைத்து வேறு காய்ந்த புல்லைக் கூட்டுங்கள், அல்ஃபால்ஃபா கட்டு கிடைத்தால் கொஞ்சம் சேருங்கள். தீவனச் சுண்ணாம்பு எவ்வளவு என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். தடவிப் பார்த்துத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே கூப்பிடுங்கள். எங்களுடையதற்கு நடை திரும்ப மாதக்கணக்கில் ஆனது, முகம் பழையபடி ஆகவே இல்லை.

கேள்வி: கனவில் வெள்ளைக் குதிரை வந்தது. நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாமா?
— வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: என் வீட்டில் வெள்ளைக் குதிரை தினமும் காலை ஆறு மணிக்கு நேரிலேயே வந்து சன்னலைத் தட்டுகிறது. இதுவரை ஆறுதல் பரிசுகூட விழவில்லை.