பிறவிக்குணமும் நாற்காலியில் இருந்த மணியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். படுக்கையில் கிடக்கும் தகப்பனைத் தனியாகக் கவனித்துக்கொள்ளும் மகன், வயது நாற்பது. ஒன்பது மாதத்தில் அவரைப் பட்டினியிலும் தாகத்திலும் சாகவிடுகிறான். வாரம் ஒருமுறை வந்துபோகும் அக்காவுக்குக்கூடத் தெரிவதில்லை. படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் “ஏன் அப்படிச் செய்கிறான்?” என்றே கேட்டார்கள். அதற்காக, சிறுவயதில் தகப்பன் அவனை இருட்டறையில் பூட்டிவைத்ததாக 12ஆம் அத்தியாயத்தைச் சேர்த்தேன். சேர்த்தபின் நாவலே பொய்யாகிவிட்டதுபோல இருக்கிறது. தீமை மனிதனுக்குப் பிறவியிலேயே இருப்பது, அதற்குக் காரணம் தேவையில்லை என்று நம்புகிறேன். ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங், ஆளற்ற தீவில் மாட்டிக்கொண்ட சிறுவர்களை வைத்து அதைத்தானே காட்டினார்? காரணமே சொல்லாமல் எழுதினால் தவறா?

ச.

அன்புள்ள ச.,

12ஆம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அது பொய் என்று உங்களுக்குப் பட்டது சரிதான். ஆனால் அந்த இடத்தில் ‘பிறவிக்குணம்’ என்பதைக் கொண்டுவந்து வைத்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். இருட்டறை, பிறவிக்குணம் இரண்டுமே உங்கள் ஒன்பது மாதம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோனவை. எதைச் சொன்னாலும் அந்த மகன் கதைக்குள் வரும்போதே தீர்ப்பு எழுதப்பட்டவனாக வருகிறான். பிறகு அவன் செய்வதைப் பார்க்க வாசகருக்கு என்ன இருக்கிறது? நண்பர்கள் “ஏன்” என்று கேட்டது காரணம் தெரியவேண்டும் என்பதற்காக அல்ல என்று நினைக்கிறேன். ‘எப்படி’ என்பது பக்கத்தில் இல்லாதபோது வாசகர் ‘ஏன்’ என்றுதான் கேட்பார்.

கோல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். 1954இல் வந்த ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ மனிதனுக்குள் தீமை உறைந்திருக்கிறது என்று சொல்லும் நாவல்தான், சந்தேகமில்லை. ஆனால் ரோஜர் என்ற பையனை அவர் எழுதிய விதத்தைப் பாருங்கள். கடற்கரையில் விளையாடும் சிறுவன் ஹென்றியை நோக்கி ரோஜர் கல் எறிகிறான், வேண்டுமென்றே குறி தவறவிட்டு. ஹென்றியைச் சுற்றி ஆறு கஜ அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் கல் விழ ரோஜரின் கை துணியவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் அந்தக் கையைப் பிடித்துவைத்திருக்கின்றன. பின்னால் அதே ரோஜர்தான் பாறையை நெம்பி உருட்டி பிக்கி என்ற சிறுவனைக் கொல்கிறான். வட்டம் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனதுதான் அந்த நாவல். அதை நம்பவைப்பது ஆசிரியரின் தத்துவமல்ல, அந்த ஆறு கஜம்.

(1965இல் டோங்காவைச் சேர்ந்த ஆறு பள்ளிச் சிறுவர்கள் அட்டா என்ற ஆளற்ற தீவில் ஒதுங்கி, பதினைந்து மாதம் கழித்து மீட்கப்பட்டார்கள். தீயை அணையாமல் காத்தார்கள். கால் முறிந்த ஒருவனுக்குக் கட்டுப்போட்டுத் தேற்றினார்கள். கோல்டிங் தோற்றுவிட்டார் என்பதற்கு இதைச் சான்று காட்டுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. அந்த அறுவரும் முன்பே நண்பர்கள், தப்பிப்போகும் திட்டத்தைச் சேர்ந்து போட்டவர்கள். நாவலின் சிறுவர்களில் பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒன்று மற்றதை மறுக்கவில்லை.)

எழுதுகிறவருக்கு இதைவிடப் பயன்படுவது 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை. எதிரறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம், சோதனைக்கு வந்தவர் ஆய்வாளரின் உத்தரவுப்படி அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கவேண்டும். அதிர்ச்சி பொய், அலறுவதும் நடிப்பு. பொத்தானை அழுத்துகிறவருக்கு அது தெரியாது. நாற்பது பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கருவியின் அமைப்பைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். அதில் 30 பொத்தான்கள், 15 வோல்ட்டில் தொடங்கி 15, 15ஆக ஏறும். எடுத்த எடுப்பில் 450ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள்? 150ஐ அழுத்தியவர் 165ஐ மறுக்கவேண்டுமானால் 150ம் தவறு என்று ஒப்புக்கொள்ளவேண்டும். மேலே போவதைவிட அந்த ஒப்புதல் கடினம்.

இன்னொன்று. உத்தரவிடுபவர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியபோது, கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து மறுத்தபோது நாற்பதுக்கு நான்கு பேர். வந்தவர்கள் அதே மாதிரி ஆட்கள்தான், அறைதான் மாறியது. உங்கள் மகன் ஒன்பது மாதமும் தனி ஆள். எழுந்து மறுக்க யாருமில்லை. அக்காவின் வருகை ஒன்றுதான் அந்த வீட்டில் மறுப்பு நுழையக்கூடிய வாசல். அவளை வெறும் ஏமாளியாக எழுதி அதை மூடிவிடாதீர்கள்.

படிகளுக்கு வருகிறேன். தகப்பனின் தலைமாட்டில் ஒரு கைமணி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுபோதும்.

முதல் வாரம் மணி அடிக்கும்போது அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், கை கழுவிவிட்டுப் போகிறான். இதில் குற்றமே இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் யாரும் செய்வது. அடுத்த மாதம் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி, அடுப்பையும் துடைத்துவிட்டுப் போகிறான். பிறகு ஒரு விதி வகுத்துக்கொள்கிறான்: மூன்று தடவை அடித்தால்தான் நிஜமான தேவை. இந்த விதிக்கு அழுத்தம் கொடுங்கள். விதி வந்துவிட்டால் போகாமல் இருப்பதும் ஒழுங்காகிவிடும். ஒருநாள் விரிப்பை மாற்றும்போது மணியை எடுத்து நாற்காலியில் வைக்கிறான், திரும்ப எடுத்துக்கொடுக்க மறக்கிறான். உண்மையாகவே மறக்கிறான். மறுநாள் காலையில் மணி நாற்காலியில் இருப்பதைப் பார்க்கிறான். எடுக்கவில்லை. அன்றிரவு பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறான்.

பார்த்ததற்கும் எடுக்காததற்கும் இடையில் உள்ளதுதான் உங்கள் நாவலின் நடு. அங்கே இரண்டு பக்கம் செலவிடுங்கள். இப்போது உள்ள பிரதியில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

தண்ணீரும் இப்படியே குறையட்டும். நான்கு தம்ளர் மூன்றாகக் குறைவது வெறுப்பினால் அல்ல, இரவில் விரிப்பு நனையாமல் இருக்கத்தான். உடலில் நீர் குறைந்தால் முதியவர்களுக்கு மனக்குழப்பம் வரும், பேச்சு கோர்வையில்லாமல் போகும். அதன்பின் தகப்பன் மகளிடம் புகார் சொன்னாலும் அது பிதற்றலாகத்தான் கேட்கும். அக்காவுக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த நான்காவது தம்ளரில் இருக்கிறது.

இனி மொழி. தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. “எனக்குக் கோபம் வந்தது” என்கிறோம். கோபம் வெளியிலிருந்து வந்ததுபோல. “கை ஓங்கிவிட்டது”, “கவனிக்க முடியாமல் போய்விட்டது”, “மணி நாற்காலியில் இருந்தது”. வினை இருக்கும், செய்தவன் இருக்கமாட்டான். மகனின் மனவோட்டம் முழுவதையும் இந்த வாக்கியங்களில் எழுதுங்கள். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நேரான செய்வினை: “மணியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான்.” நீங்கள் இப்போது முதல் அத்தியாயத்திலேயே “குரூரமான கண்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். “மக்களே போல்வர் கயவர்” என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான், முகத்தில் எதுவும் தெரியாது. தும்பியின் சிறகைப் பிய்த்த பால்யமும் வேண்டாம், எல்லா வில்லன்களும் பிய்த்து முடித்துவிட்டார்கள்.

தீமை பிறவியில் இருக்கிறதா என்ற உங்கள் நம்பிக்கையோடு நான் பெரிதாக முரண்படவில்லை. குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கனடா ஆய்வாளர் ரிச்சர்ட் டிரெம்ப்ளே, அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் உச்சத்தில் இருப்பது இளமைப் பருவத்தில் அல்ல, இரண்டு மூன்று வயதில் என்று கண்டார். அடிக்காமல் இருக்கத்தான் நாம் கற்றுக்கொள்கிறோம். சரி, ஆனால் அது எல்லோருக்கும் பொது. மகனுக்குள் இருப்பது அக்காவுக்குள்ளும் இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்று, இந்த ஒருவன் அன்று காலையில் மணியை ஏன் எடுக்கவில்லை என்பதை விளக்காது.

காரணம் சொல்வதானால் எந்த அளவுக்கு? கம்பன் செய்ததைப் பாருங்கள். மந்தரைக்கு அவன் தரும் காரணம், சிறுவயதில் இராமன் வில்லால் அவள் கூனில் அடித்த மண்ணுருண்டை. பதினான்கு ஆண்டு வனவாசத்துக்கு ஒரு மண்ணுருண்டை! அந்தப் பொருத்தமின்மைதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. காரணம் இருக்கிறது, ஆனால் செயலை நியாயப்படுத்தப் போதவில்லை. கைகேயியையும் அவன் ஒரே மூச்சில் திருப்பவில்லை. செய்தி கேட்டவுடன் மகிழ்ந்து மாலையைப் பரிசளிக்கிறாள், பிறகு மந்தரையைக் கடிந்து பேசுகிறாள், அதற்கும் பிறகுதான் மனம் திரிகிறது. தேவர்களின் மாயை, அரக்கரின் பாவம் என்றும் கம்பன் சொல்கிறான். ஆனாலும் அந்தப் படிகளில் ஒன்றையும் விடவில்லை.

உங்கள் இருட்டறை செயலின் எடைக்குச் சரிசமமாக நிற்கிறது. கணக்குத் தீர்ந்துபோகிறது, அதனால்தான் பொய்யாகத் தோன்றுகிறது. தகப்பன் ஏதாவது செய்திருக்கவேண்டும் என்றால் சின்னதாக ஒன்று போதும்: மகன் ஆசையாக வாங்கிவந்த சட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கி வைத்தது போல. அதையும் செயலுக்கு முன் சொல்லாதீர்கள். சாவுக்குப் பின், அலமாரியைத் திறக்கும்போது, மணிக்குப் பக்கத்தில் அந்தச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கட்டும். திறப்பது அக்காவாக இருக்கட்டும்.