எஞ்சின் கெட்டதா, கெடுத்ததா? – மண்டபம் மெக்கானிக் பதில்கள்

கேள்வி: சவுதியில் 18 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பிள்ளைகளோடு கடலில் போய்வர 19 அடி பைபர் படகும் 60 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினும் சேர்த்து 14 லட்சம் ரூபாய்க்கு வெளியூர் டீலரிடம் வாங்கினேன். டெலிவரி அன்று யார்டிலேயே, படகு டிரெய்லர் மேல் இருக்க, ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். சத்தம் கேட்டு என் மகன் கைதட்டினான். மூன்றாம் மாதம், மீட்டரில் 38 மணி நேரம் ஓடியிருந்தபோது, அப்பா தீவுக்கு வெளியே அலாரம் அடித்தது, வேகம் தானாக இறங்கிவிட்டது. ஒரு நாட்டுப்படகுக்காரர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தார். டீலரின் ஆள் வந்து பார்க்கவே 23 நாள் ஆனது. வந்தவர் பத்து நிமிடத்தில், 'உப்பு அடைச்சிருக்கு, நல்ல தண்ணியில கழுவல, வாரண்டி கிடையாது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 20 மணி நேர சர்வீஸுக்கு நான்கு முறை போன் செய்தும் யாரும் வரவில்லை. எஞ்சின் மோசமா, டீலர் மோசமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பாய், நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதியது 23 நாள் என்பதை. நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் மகன் கைதட்டிய வரியை.

உங்களுடையது போல படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்குக் காரைப் போல ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினின் காலுக்குள், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதிக்குள், இம்பெல்லர் என்று உள்ளங்கை அகல ரப்பர் விசிறி ஒன்று இருக்கும். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றுவது அதன் வேலை. எஞ்சினைக் குளிரவைப்பதும் அந்தத் தண்ணீர்தான், ரப்பர் தேயாமல் வழுக்கலாகச் சுற்றவைப்பதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் இதழ்கள் உரசிச் சூடாகிக் கருகும். ஒரு நிமிடமே அதிகம். யார்டில் ஸ்டார்ட் செய்தே தீரவேண்டும் என்றால், தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மேல் காதுமூடி மாதிரியான ரப்பர் கிண்ணங்களை மாட்டி ஹோஸில் தண்ணீர் விடவேண்டும். இல்லையென்றால் காலை ஒரு டிரம் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். அன்றைக்கு உங்கள் டிரெய்லர் பக்கத்தில் ஹோஸ் கிடந்ததா?

புதுப் படகு என்றால் பாத்திஹா ஓதியிருப்பீர்கள், வீட்டில் யாராவது அதைப் போனில் எடுத்திருப்பார்கள். அந்த வீடியோவைத் தேடுங்கள். எஞ்சின் ஓடும்போது அதன் பின்பக்கத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு பீய்ச்சி அடிக்கவேண்டும். பட்டறைப் பையன்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பத்திரிகையில் போடமாட்டார்கள். வீடியோவில் உறுமல் கேட்டு, அந்தக் கோடு இல்லாமல் இருந்தால், உங்கள் எஞ்சின் கடலைப் பார்க்கும் முன்பே காயம்பட்டது என்று நான் சந்தேகப்படுவேன். பாதி கருகிய இம்பெல்லர் உடனே சாகாது. மெதுவாகப் போகிறவரை தாக்குப்பிடிக்கும். ஒருநாள் வெயிலில் ஐந்து பேரை ஏற்றி முழு வேகத்தில் போகும்போது கைவிடும்.

டீலர் பக்கத்தையும் சொல்லவேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியில் உப்பு அடைப்பது பொய்யில்லை, நானே குச்சி வைத்துச் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஆனால் அப்படி அடைக்க வழக்கமாக இரண்டு மூன்று சீசன் ஆகும். 38 மணி நேரத்தில் சூடேறினால், உப்புக்கு முன்னால் நான் பார்ப்பது இம்பெல்லர், அதற்கடுத்து, சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட். நீங்கள் கரையோரத்தில் முழங்கால் ஆழத்தில் மணலைக் கிளறிக்கொண்டு ஓட்டியிருந்தால் அந்த மணலும் இம்பெல்லரைத் தின்றிருக்கும், அது உங்கள் கணக்கு. 'எந்தத் தண்ணியில கழுவினீங்க?' என்று அவர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் போர் தண்ணீர் பாதி இடங்களில் கடலுக்குத் தம்பி. அதில் கழுவிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவினேன் என்று சொன்னால் ஒரு சொட்டை நாக்கில் வைத்து உங்களை மடக்கிவிடுவார். காவிரித் தண்ணீரைக் குடிக்கவே குடம் குடமாகப் பிடித்துவைக்கிற ஊரில் எஞ்சினுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்விதான். விற்பதற்கு முன்பே அவர் சொல்லியிருக்கவேண்டிய விஷயம் அது.

இப்போது என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். இளவயதில் ஒரு டீலரிடம் வேலை பார்த்தேன். மாதக் கடைசியில் முதலாளி ஒரு கத்தை சர்வீஸ் அட்டையைக் கொடுத்து, 'எல்லாத்துலயும் கையெழுத்து போடுடா' என்பார். போட்டேன். மூடியே திறக்காத எஞ்சின்களுக்கு முதல் சர்வீஸ் முடிந்தது என்று என் கையெழுத்து இருந்தது. கம்பெனியிலிருந்து அவருக்கு சர்வீஸ் பணம் வரும். வாடிக்கையாளர் ஆயில் மாறிய நம்பிக்கையில் கடலுக்குப் போவார். அதனால் சொல்கிறேன், உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் 20 மணி நேரக் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் அவர் வரவில்லை என்பதற்கு நீங்கள் போன் செய்த பதிவு துணை நிற்கும். சீல் விழுந்திருந்தால் இன்னும் நல்லது, அந்தத் தேதியில் படகு எங்கே இருந்தது என்று நீங்கள் காட்டிவிடலாம்.

உள்ளூர்ப் பையனை வைத்துப் பிரித்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். பிரித்த எஞ்சின் சாட்சி சொல்லாது. 'உங்கள் ஆள் வந்து என் முன்னால் இம்பெல்லரைக் கழற்றிக் காட்டவேண்டும்' என்று டீலருக்கும் எஞ்சின் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். படகு கட்டியவருக்கு ஒரு வாரண்டி, எஞ்சினுக்கு வேறு வாரண்டி. டீலர் நடுவில் நிற்பவர், நாளைக்கு மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள், அதனால் மூவருக்கும் நகல் போகட்டும். கழற்றிய பழைய இம்பெல்லரைக் கேட்டு வாங்கிக் கவரில் போட்டுத் தேதி எழுதி ஒட்டிவையுங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், எத்தனை மணி நேரம் எந்த வேகத்தில் ஓடியது, எப்போது சூடேறியது என்று பெரும்பாலும் பதிந்து வைத்திருக்கும். அந்த அறிக்கையின் அச்சுப் பிரதியையும் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்டத்திலேயே போடலாம். 14 லட்சத்துக்கு 400 ரூபாய்தான் கட்டணம். பில்லின் அடியில் 'வழக்கு எங்கள் ஊர் எல்லைக்கு மட்டுமே' என்று பொடி எழுத்தில் இருக்கும், பயப்படவேண்டாம். 2019-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். பொருளில் குறை இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நான் இரண்டு முறை அங்கே நிபுணர் சாட்சியாகப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் என் பேச்சைவிட கவரில் போட்ட துண்டு ரப்பர்தான் அதிகம் பேசியது.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். எஞ்சின் மோசம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, அப்பா தீவில் இறங்கவில்லை என்று நம்புகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. போதாததற்கு அங்கே பவளப் பாறையில் புரொப்பெல்லர் தட்டினால் எந்த வாரண்டியும் பேசாது.

கேள்வி: எந்தக் கம்பெனி எஞ்சின் நம்பகமானது? ஒரே வரியில் சொல்லவும்.
– வாசகி, பரமக்குடி

பதில்: பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்த எஞ்சினுக்குரிய இம்பெல்லர் கடையில் தொங்குகிறதோ, அது.

ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். கூடவே ஒன்று. வாங்கும் முன் கடலில் ஓட்டிக் காட்டச் சொல்வீர்கள் அல்லவா, எந்தக் கடல், எந்த மாதம் என்று பாருங்கள். பங்குனியில் இரண்டு பக்கமும் குளம் மாதிரி கிடக்கும், எந்தப் படகும் நல்ல படகுதான். ஆடியில் பாக் நீரிணைப் பக்கம் கூட்டிப்போய் ஓட்டிக் காட்டுவார்கள், பெண் கடல் அப்போது சாது. உங்கள் படகு கிடக்கப்போவது தெற்கே ஆண் கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில் என்றால், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் நாளில், வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஏறி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: காரங்காட்டில் வனத்துறை நடத்தும் படகுச் சவாரியைப் பார்த்து ஆசைப்பட்டு, சுற்றுலா வருபவர்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்று கடன் வாங்கிப் படகு வாங்கினேன். எஞ்சின் ஓடும்போதே நின்று நின்று போகிறது. 'பெட்ரோல் சரியில்லை, எத்தனால்' என்கிறார் டீலர். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையமும் ஏற்காது என்கிறார். உண்மையா?
– வாசகர், தொண்டி

பதில்: முதல் பாதியில் உண்மை இருக்கிறது தம்பி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அவுட்போர்டு எஞ்சின் கையேடுகளில் பெரும்பாலானவை 10 சதவீதம் வரைதான் என்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் பாதி காலியான டேங்க்கை நீண்ட நாள் சும்மா வைத்திருந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கலாம். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டேங்க் அடி பெட்ரோலைப் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் டீலர் சொன்னது சரி. தண்ணீர் பிரிக்கும் ஃபில்ட்டர் ஒன்றைப் போடுங்கள், டேங்க்கை நிரப்பி வையுங்கள் அல்லது வடித்து வையுங்கள். படலம் இல்லையென்றால் அவர் பெட்ரோலின் பின்னால் ஒளிந்துகொள்கிறார். படலம் இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். இந்த ஊர் பங்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துதானே விற்றார்? விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னாரா, ஃபில்ட்டர் போட்டுக் கொடுத்தாரா?

இரண்டாம் பாதி முழு உண்மையில்லை. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொதுவிதி. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கியவருக்கு அதே சட்டம் விலக்கு கொடுக்கிறது. நீங்களே ஓட்டுகிறீர்கள், அதுதான் சோறு என்றால் நீங்கள் அந்த விலக்கில் வருவீர்கள். ஆள் வைத்து நாலு படகு விட்டால் கதை வேறு. கம்பெனி வாரண்டி இன்னொரு விஷயம். சவாரிக்கு விடும் எஞ்சினுக்குக் காலம் குறைவாகவே இருக்கும், புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். பயணி ஏற்ற அனுமதி கையில் இருக்கிறதா? அது இல்லாமல் புகார் கொடுக்கப்போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்.

கேள்வி: பழைய பைபர் படகு ஒன்று மலிவாக வருகிறது. அடியில் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: அடியில் புதுப் பெயின்ட் என்றாலே எனக்கு மூக்கு அரிக்கும். வருடக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்த பைபரில் அம்மை மாதிரி கொப்புளம் போடும். விற்பவர் சம்மதித்தால் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். வரும் நீர் வினிகர் வாடை அடித்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பின்னால் எஞ்சின் மாட்டும் பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல மரம் 'டொக் டொக்' என்று பதில் சொல்லும். நடுவில் எங்காவது 'தொப்' என்று கேட்டால், அவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.