பாலியல் வழக்கில் தண்டனையை ‘ஏக காலத்தில்’ அனுபவிக்கச் சொல்வது எதை வைத்து?

உங்களுக்கு வேண்டிய யாருடைய வழக்கிலோ தீர்ப்பு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 10 ஆண்டு, 5 ஆண்டு, 2 ஆண்டு என்று வாசித்துவிட்டு, கடைசியில் "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்", அதாவது எல்லாம் ஒரே நேரத்தில் ஓடட்டும் என்றால் 17 ஆண்டு 10 ஆகிவிடுகிறது. கோபம் வரத்தான் செய்யும். நான் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கவில்லை, சட்டம் இருப்பதைச் சொல்கிறேன்.

நீதிபதி முதலில் பார்ப்பது, எல்லாம் ஒரே நிகழ்வின் தொடர்ச்சியா என்பதை. ஒரே இரவில் வீடு புகுந்து, வன்கொடுமை செய்து, வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால், பிரிவு மூன்றானாலும் சம்பவம் ஒன்று. பெரும்பாலும் ஏக காலம்தான். பாதிக்கப்பட்டவர்கள் வேறு வேறு, நாட்கள் வேறு வேறு என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வலுவான இடம் இருக்கிறது. ஒரே செயலுக்கு போக்சோவும் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தண்டனைச் சட்டமும் பொருந்தினால் பேச்சே வேறு: போக்சோ 42-ஆம் பிரிவுப்படி இரண்டில் கூடுதலான தண்டனை மட்டும்தான். அங்கே கூட்டுவதற்கே ஒன்றுமில்லை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 31-ஆம் பிரிவில், நீதிபதி எதுவும் சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கூட்டுத்தொகை 14 ஆண்டைத் தாண்டக் கூடாது. அதாவது மேலே சொன்ன 17-ம் 14-இல் நின்றுவிடும். அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 25-ஆம் பிரிவில் உச்சவரம்பு 20 ஆண்டு. குற்றத்தின் தீவிரத்தைப் பார்த்து, எந்த முறை என்று நீதிபதி சொல்லியே ஆக வேண்டும். புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1 அன்று விசாரணை நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டம்தான், இதில் பலர் குழம்புகிறார்கள்.

ஆயுள் தண்டனைக்குக் கணக்கு வேறு. சாமியார் பிரேமானந்தா வழக்கில் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்த இரட்டை ஆயுளை 2005-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் 2016-இல் முத்துராமலிங்கம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட முடியாது என்று சொல்லிவிட்டது. மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள்தானே. அப்படியானால் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே மாதம் கோவை மகிளா நீதிமன்றம் சிலருக்குப் பல ஆயுள் கொடுத்தது வெறும் கணக்கா? இல்லை. ஒன்றில் தண்டனைக் குறைப்பு கிடைத்தாலும் மற்றது அப்படியே நிற்கும்.

முத்துராமலிங்கம் தீர்ப்பில் இன்னொரு நுணுக்கம்: 10 ஆண்டை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஆயுள் தொடங்கட்டும் என்று உத்தரவிடலாம். ஆயுளை முதலில் வைத்தால் அந்த 10 ஆண்டு அதற்குள் கரைந்துபோகும். வரிசை அவ்வளவு முக்கியம். அபராதம் கட்டத் தவறினால் வரும் சிறை மட்டும் எப்போதும் தனி, அது எதனோடும் ஏக காலத்தில் ஓடாது.

இதையெல்லாம் கேட்க வேண்டிய நேரம், குற்றவாளி என்று அறிவித்தபின் தண்டனை பற்றிக் கேட்கும் நாள். எந்தச் சம்பவம் எந்தத் தேதி, யார் பாதிக்கப்பட்டவர் என்று பிரித்துக் காட்டும் குறிப்பை அரசு வழக்கறிஞர் அன்றே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். "கடுமையான தண்டனை கொடுங்கள்" என்று ஒரு வரி சொல்லி உட்கார்ந்தால் ஏக காலம்தான் வரும். நீதிபதி கையெழுத்துப் போட்டபின், எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் அவராலேயே மாற்ற முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆறாத விஷயம் இது. விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம், குறைந்த பிரிவில் தண்டித்தால் செய்யலாம், இழப்பீடு போதாவிட்டாலும் செய்யலாம். தண்டனை போதாது என்று மட்டும் மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை இல்லை, அது அரசின் கையில் இருக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. உடம்பும் மனசும் அடிபட்டவள் அரசு கோப்பு நகரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ஆகவே தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றே, தண்டனையை உயர்த்தக் கோரி அரசு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கும் அரசு வழக்கறிஞருக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.