பதில்: தடை செய்த வயல் மருந்து இன்னும் குடிநீரில் எப்படி?

வணக்கம். சுவிஸின் பேர்ன் நகரப் பக்கத்தில் இருக்கிறீர்கள், குளோரோதலோனில் என்ற வயல் மருந்தின் எச்சம் குழாய்நீரில் வரம்பைத் தாண்டியதாகக் கடிதம் வந்திருக்கிறது, குழந்தையின் பால்மாவுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது போகாது. தண்ணீர் வற்ற வற்ற செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

2020 ஜனவரியிலேயே சுவிஸில் தடை வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கோதுமை, காய்கறி வயல்களில் 1970களிலிருந்து அடித்த பூஞ்சணக்கொல்லி அது. இப்போது குழாயில் வருவது அதன் சிதைவுப் பொருட்கள். மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிட்டன. அந்த நீர் போய்ப் புது நீர் சேரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். முன்னெச்சரிக்கையாக வைத்த அளவு அது. தாண்டினால் உடனே நஞ்சு என்று அர்த்தமில்லை. குழாய்நீரைக் குடிக்கலாம் என்றுதான் அதிகாரிகளும் சொல்கிறார்கள்.

கரி வடிகட்டிக் குடுவைக்குக் காசு கொட்டாதீர்கள். ஆர்471811 என்ற குறியீடு கொண்ட சிதைவுப் பொருள் கரியில் சரியாக ஒட்டாது. மெல்லிய சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிக்கும் ஆர்ஓ கருவி அதைப் பிடிக்கும், ஆனால் விலை, வீணாகும் தண்ணீர் இரண்டும் அதிகம். மனம் ஒப்பவில்லையென்றால் பால்மாவுக்கு மட்டும், குழந்தைகளுக்கு ஏற்றது என்று போட்ட போத்தல் தண்ணீர் வாங்குங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் நீர் வழங்குநரிடம் கடைசிப் பரிசோதனை அளவையும், வேறு ஊற்று நீர் கலக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரின் தரத்தை அவர்கள் மக்களுக்கு அறிவித்தே ஆக வேண்டும்.